ஒரு வட்டு, நான்கு வழிகள்

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரை ஃபைபர் சேனல் என்னும் அதிவேக இணைப்பு வழியாகச் சான் ஸ்டோரேஜுடன் (சர்வர்களுக்கு நெட்வொர்க் வழியே வட்டு தரும் சேமிப்பகம்) இணைத்தேன். 500 ஜிபி வட்டு ஒன்றுதான் ஒதுக்கினேன். சர்வரிலோ நான்கு தெரிகின்றன. மிச்சம் மூன்றை நீக்கிவிடலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: தயவுசெய்து எதையும் நீக்காதீர்கள். நான்கும் ஒரே வட்டுதான். சர்வரை ஸ்டோரேஜ் நெட்வொர்க்கோடு இணைக்கும் எச்பிஏ அட்டையில் இரண்டு போர்ட்டுகள். ஒவ்வொன்றும் ஸ்டோரேஜின் இரண்டு போர்ட்டுகளைப் பார்த்தால் வழிகள் நான்கு. ஒவ்வொரு வழியையும் லினக்ஸ் தனி வட்டாகக் காட்டுகிறது. மல்டிபாத் சேவையை இயக்குங்கள். வட்டின் அடையாள எண்ணைப் பார்த்து அது நான்கையும் ஒன்றாக்கிவிடும். ஃபைல் சிஸ்டத்தை அந்த ஒன்றின் மேல்தான் அமைக்க வேண்டும். தனி வழி ஒன்றின் மேல் அமைத்தால், அந்தக் கேபிள் போகும் நாளில் தரவும் கைக்கு எட்டாது.

நான்கு வழிகள் தெரிவதாலேயே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு சர்வர் அறையில் சர்வரின் இரண்டு கேபிள்களும், ஸ்டோரேஜுக்குப் போகும் வழியிலுள்ள ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தன. அந்த ஸ்விட்ச் நின்ற இரவில் நான்கு வழிகளும் ஒன்றாக அறுந்தன. விடியும்வரை தரவுத்தளத்தோடு போராடினோம். அன்றுமுதல், கேபிளை விரலால் பற்றிக்கொண்டே சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரை நடந்து, அது எங்கே போய் முடிகிறது என்று நானே பார்த்துவிடுகிறேன்.

ஸ்விட்சில் ஸோனிங் செய்யும்போது, அதாவது எந்தப் போர்ட் எந்தப் போர்ட்டைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும்போது, போர்ட்டின் 16 இலக்க முகவரியைத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரே அட்டையின் இரு போர்ட்டுகளுக்கும் பெரும்பாலும் ஓர் இலக்கம்தான் வேறுபடும்.

பயன்பாட்டுக்கு விடுமுன், பெரிய கோப்பொன்றை வட்டில் எழுதவிட்டு ஒரு கேபிளைக் கழற்றுங்கள். எழுதுவது சற்றுத் தயங்கிப் பிறகு தொடர வேண்டும். மாட்டியதும் நான்கு வழிகளும் திரும்பிவிட்டனவா என்று பார்த்துவிட்டு, அடுத்த கேபிளைக் கழற்றுங்கள்.