செம்பாறை வெயிலில் சைக்கிள் பயணம்: மாத்திரைப் பெட்டியை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 53. சொந்த ஊர் வேலூர். பல ஆண்டுகளாக ஹூஸ்டனில் வேலை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் 40 மைல் வரை சைக்கிள் ஓட்டுவேன். வரும் ஜூலையில் யூட்டா மாநிலத்தின் 12ஆம் எண் நெடுஞ்சாலையில் பாங்க்விட்சிலிருந்து டோரி வரை நான்கு நாட்கள், பிறகு மோவாபில் கொலராடோ ஆற்றை ஒட்டிய 128ஆம் எண் சாலையில் ஒரு நாள் ஓட்டத் திட்டம். மனைவி வேனில் பின்னால் வருவார். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் பயமில்லை என்கிறார் நண்பர். நீண்ட தூரம் ஓட்டினால் கைவிரல்களும் உட்காரும் இடமும் மரத்துப்போகின்றன. இது சர்க்கரையால் வருவதா? வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு வெப்பம் பெரிதல்ல. மனைவிக்குத்தான் பயம். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஜூலையில் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று கேட்டதுமே வீட்டோடு இருக்கச் சொல்லும் மருத்துவன் அல்ல நான். 53 வயதில் 40 மைல் ஓட்டுபவர் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீங்கள் எழுதிய மருந்துப் பட்டியலைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கு முன் வேலூர் வெயிலைத் தள்ளி வைத்துவிடுவோம். உடல் வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மை. தினமும் வெயிலில் உழைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். ஆனால் அந்தப் பழக்கம் விட்டுப்போக சில வாரங்களே போதும். இத்தனை ஆண்டு ஏ.சி. வாழ்க்கைக்குப் பிறகு கத்திரி வெயிலின் பயிற்சி உடம்பில் மிச்சம் இருக்காது. தவிர, வேலூரில் கத்திரி வெயில் நண்பகலில் யாரும் மலையேறுவதற்குச் சைக்கிளை வெளியே எடுப்பதில்லையே!

யூட்டாவின் வெப்பம் வேறு வகை. ஹூஸ்டன் புழுக்கத்தில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நீர் இழக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால் சட்டை உலர்ந்தே இருக்கும். வெள்ளைக் கோடுகளாக உப்பு மட்டும் படியும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டே நீரை நிறைய இழந்துவிடலாம். மோவாபில் ஜூலைப் பகல்களில் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 128ஆம் எண் சாலை நெடுந்தூரம் செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே போகிறது. அந்தப் பாறைகள் பகலில் வாங்கிய வெப்பத்தை வெயில் தாழ்ந்த பிறகும் வீசிக்கொண்டிருக்கும். ஜூலை நடுவிலிருந்து பிற்பகல் இடிமழையும், வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமும் வேறு. செப்டம்பர் இறுதிக்கு மாற்றுங்கள். மலை மேல் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கண்ணுக்கும் லாபம்தான்.

இனி மாத்திரைகள். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து. நீரோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். வெயிலில் தோல் எளிதில் கருகவும் செய்யும். எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே அனுப்புகிறது, கூடவே நீரும் போகிறது. ஆக, சைக்கிளில் ஏறும் முன்பே உங்கள் உடலில் நீர் வெளியேறும் வழிகள் இரண்டு திறந்திருக்கின்றன, வியர்வை மூன்றாவது. இந்த நிலையில் டெல்மிசார்ட்டனும் சேர்ந்து ரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம். சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும்போது தலை சுற்றுவது அதன் அடையாளம். எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் இடையே ஹாக்பேக் என்ற பகுதியில் உங்கள் சாலை ஒரு குறுகிய மலை முதுகின் மீது போகிறது, இரு பக்கமும் சரிவு. தலை சுற்றுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது.

எம்பாகிளிஃப்ளோசினில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீர் குறைந்து, சாப்பாடும் குறைந்து, உடல் மணிக்கணக்கில் உழைத்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். வழக்கமாக அந்த நிலையில் சர்க்கரை எகிறியிருக்கும். இந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு மீட்டர் 160 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அது நேரக்கூடும். எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள். குமட்டல், வயிற்றுவலி, ஓய்விலும் அடங்காத மூச்சிரைப்பு தோன்றினால் கீட்டோன் பரிசோதிக்க வேண்டும். வழி இல்லையென்றால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்பே இதை நிறுத்தும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. அதே காரணத்துக்காக இந்தப் பயண நாட்களிலும் நிறுத்திவைக்கலாம் என்பது என் கருத்து. முடிவு உங்களைப் பார்க்கும் மருத்துவருடையது. தயசைடைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஒரு மருந்தை மட்டும் நானே கண்டிப்பாக மறுக்கிறேன்: ஐபுப்ரோஃபென். மூட்டு வலித்ததும் சைக்கிள்காரர்கள் பையிலிருந்து எடுப்பது இதைத்தான். டெல்மிசார்ட்டன், சிறுநீர் பெருக்கி, ஐபுப்ரோஃபென் மூன்றும் நீர் வற்றிய உடலில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மினும் உடலில் தேங்கிவிடும். நேப்ராக்ஸனும் இதே வகைதான். வலித்தால் பாராசிட்டமால் போதும். அமெரிக்கக் கடைகளில் அசிட்டமினோஃபென் என்று கேளுங்கள்.

நண்பரின் தண்ணீர்க் கணக்கு தவறானது, உங்களுக்கு ஆபத்தானதும்கூட. வியர்வையில் உப்பு போகிறது, தயசைடால் மேலும் போகிறது. அதற்கு ஈடாக வெறும் தண்ணீரை மணிக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுதல், குழப்பம், முற்றினால் வலிப்பு. வெயில் மயக்கமும் தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும். அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் பதறி இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள். இதே யூட்டாவுக்குத் தெற்கே கிராண்ட் கேன்யனில் நடப்பவர்களிடம் மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல் இது. தாகத்துக்குக் குடியுங்கள். பெரும்பாலோருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி போதுமானது. அதில் ஒரு பகுதி ஓ.ஆர்.எஸ். கரைசலாக இருக்கட்டும். அதில் சர்க்கரை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு மேட்டில் ஏறினால் எரிந்துவிடும். வீட்டில் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிடுவீர்கள். மணிக்கணக்கில் வியர்க்கும் நாட்களில் அந்தக் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தலாம், மதியச் சாப்பாட்டோடு ஊறுகாய் உட்பட. (ஊர் திரும்பியதும் பாட்டில் அலமாரிக்குப் போய்விட வேண்டும்.)

அளவு சரிதானா என்று அறிய எளிய வழி, வேனில் ஓர் எடை பார்க்கும் கருவி. காலையில் கிளம்பும் முன்னும் மாலையில் முடித்த பின்னும் எடை பாருங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை. கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள்.

உயரத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஹூஸ்டன் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிறது. பாங்க்விட்ச் 6,600 அடி. போல்டர் ஊரைத் தாண்டி நீங்கள் ஏறப்போகும் மலைச்சாலை 9,600 அடி வரை போகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான். முதல் இரண்டு நாட்கள் குறைந்த தூரம் ஓட்டுங்கள், மதுவைத் தவிருங்கள். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம் போதும். செப்டம்பர் இறுதியில் அந்த உச்சியில் காலைக் குளிர் உறைநிலையை நெருங்கும் என்பதால் காற்றுத் தடுப்பு மேலங்கி கட்டாயம்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), இ.சி.ஜி., கண் விழித்திரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஏற்றங்களில் நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான களைப்போ வந்தது உண்டென்றால் இதய நிபுணரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

மரத்துப்போவது பெரும்பாலும் சைக்கிளின் வேலை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் ஓர நரம்பு நசுங்குகிறது என்று பொருள். தடித்த கையுறை போடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். சர்க்கரையால் வரும் மரப்பு வழக்கமாகப் பாதங்களில்தான் தொடங்கும். உட்காரும் இடம் மரத்தால் இருக்கை உயரமாகவோ மூக்கு தூக்கியோ இருக்கும். கடையில் அளவு பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். மரப்போடு ஓட்டிக்கொண்டே போகாமல் அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் அந்தப் பகுதியில் பூஞ்சைத் தொற்றுக்கும் வழிவிடும். ஓட்டி முடித்ததும் ஈரக் காற்சட்டையை மாற்றிக் கழுவி உலர்த்துங்கள். பாதங்களையும் இரவுதோறும் பாருங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள்; உங்கள் குழுவில் நிதானமாக யோசிப்பவர் அவராகத்தான் தெரிகிறார். அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். கணவர் கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னால், தள்ளாடினால், காரணமின்றிக் கோபப்பட்டால் அதை வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்பது தவறு. உழைப்பால் வருவதில் வியர்த்துக்கொண்டே இருக்கும். நிழலில் படுக்கவைத்து, உடைகளைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, அட்டையாலோ துணியாலோ விசிறுங்கள். ஐஸ் பெட்டியில் உள்ளதைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. பாராசிட்டமாலும் இதற்குப் பயன்படாது. சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். 911ஐ உடனே அழையுங்கள். ஆனால் அந்தச் சாலையில் நெடுந்தூரத்துக்குத் தொலைபேசி சிக்னல் இருக்காது, எஸ்கலான்டேயிலிருந்து பாங்க்விட்ச் மருத்துவமனைக்கே சுமார் 70 மைல். எனவே செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்து வேனில் வையுங்கள். அதை எப்படி இயக்குவது என்று ஹூஸ்டனிலேயே அவர் ஒருமுறை பழகிக்கொள்ளட்டும்.