கூட்டத்தை மாற்றியது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் நேரம் இரவு 7 மணிக்கு சூமில் கூடுவோம். கூகிள் கலண்டரில் அழைப்பைப் போட்டு வைத்தவர் ரொறன்ரோக் கிளையைச் சேர்ந்தவர். நவம்பரில் 7 மணிக்குப் போய் இருந்தால் ஒருவரும் இல்லை, கலண்டரில் 8 மணி என்று கிடக்கிறது. ஜனவரியில் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சனிக்கிழமைக்கு மாறிவிட்டது, எங்களுக்கு மின்னஞ்சல் கூட வரவில்லை. அன்றைக்குத் தீர்மானம் ஒன்றும் எடுத்துவிட்டார்கள். கேட்டால் 'நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை' என்கிறார்கள். இங்கே ஆட்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். யார் மாற்றியது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– செயலாளர், சுன்னாகம்

பதில்: ஐயா, நவம்பரையும் ஜனவரியையும் முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே குற்றச்சாட்டாகக் கட்டினால் ரொறன்ரோக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நவம்பரில் நடந்ததை ஒருவரும் செய்யவில்லை.

ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். உங்கள் கூட்டமும் அதே முதல் ஞாயிறுதான். அழைப்பு ரொறன்ரோ நேரத்தில், காலை 9.30 என்று போடப்பட்டிருக்க வேண்டும். கோடையில் அது நமக்கு இரவு 7 மணி, மணிக்கூட்டை மாற்றிய பிறகு இரவு 8 மணி. லண்டன்காரர் ஒக்டோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுவதால் அவர்களுக்கு அப்போதும் பிற்பகல் 2.30, முந்திய மாதங்களைப் போலவே. ரொறன்ரோவும் லண்டனும் ஒரு வித்தியாசமும் காணாது, மணிக்கூட்டைத் தொடாத நாங்கள்தான் தடுமாறுவோம். இலங்கை நேரம் 2006 ஏப்ரலுக்குப் பிறகு மாறவே இல்லை. மெல்பேர்ண் பக்கம் உறுப்பினர் இருந்தால் அவர்கள் பாடு இன்னும் மோசம்: அவர்களின் மணிக்கூடு ஒக்டோபரில் முன்னுக்குப் போகிறது, இரவு 11.30க்கு இருந்த கூட்டம் நவம்பரில் அதிகாலை 1.30 ஆகிவிடும். அவர்கள் ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டிருக்கிறார்களா தெரியவில்லை, கேட்க வேண்டும்.

இதை ஊகமாக விடாமல் உறுதி செய்யலாம். அழைப்பு மின்னஞ்சலோடு ஒரு சிறிய இணைப்புக் கோப்பு வந்திருக்கும், அதைத் தரவிறக்கி நோட்பாட்டில் திறந்தால் வரிவரியாக எழுத்துத் தெரியும். தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் ரொறன்ரோ என்று ஊர்ப் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. அதே கோப்பில் 'சீக்குவென்ஸ்' என்று ஒரு எண்ணும் இருக்கும். புதிய அழைப்புக்கு அது 0, நேரம் திகதி போன்ற முக்கியமான ஒன்றை மாற்றினால் ஏறும். 'கடைசியாக மாற்றிய நேரம்' என்றும் ஒரு வரி உண்டு, அது உலகப் பொது நேரத்தில் இருக்கும், நமது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். கோப்பில் ரொறன்ரோ என்று இருந்து, நேரம் சரியாக ஒரு மணித்தியாலம் மட்டும் வேறாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் மணிக்கூடு மாறியதுதான் காரணம்.

ஜனவரி வேறு கதை. ஞாயிறு சனியாகத் தானாக மாறாது, அங்கே ஒரு ஆளின் கை பட்டிருக்கிறது. மின்னஞ்சல் வராததற்குக் காரணமும் எளிது. கலண்டரில் மாற்றிச் சேமிக்கும்போது, அழைக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்கவா என்று கூகிள் கேட்கும். 'அனுப்ப வேண்டாம்' என்பதை அழுத்தினால் மாற்றம் எல்லோர் கலண்டரிலும் போய் உட்காரும், ஒருவருக்கும் கடிதம் போகாது. வேண்டுமென்றே அழுத்தினாரா, அவசரத்தில் கை பட்டதா என்பது அழுத்தியவருக்குத்தான் தெரியும்.

யார் அந்த ஆள்? சாதாரண ஜிமெயில் கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது, ஒரு கலண்டர் நிகழ்வை யார் எப்போது திருத்தினார் என்ற வரலாற்றைக் கூகிள் அங்கே காட்டுவதில்லை. ஆனால் வட்டத்தைச் சுருக்கலாம். அழைப்பைத் திறந்து, விருந்தினர் நிகழ்வைத் திருத்தலாம் என்ற அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அழைப்பைப் போட்டவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லையென்றால் மாற்றக்கூடியவர் அவரும், அவருடைய கலண்டரைத் திருத்தும் உரிமை பெற்றவர்களும் மட்டுமே. அனுமதி இருந்தால் உங்கள் பட்டியலில் உள்ள எவரும் செய்திருக்கலாம், போனில் கலண்டரைத் தடவும்போது நிகழ்வு அடுத்த நாளுக்கு இழுபட்டுப் போயிருக்கவும் கூடும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவர் உட்பட. ஆகவே ரொறன்ரோக்காரர் மேல் விரலை நீட்டுவதற்கு முன் அந்த அனுமதியைப் பாருங்கள்.

சூம் பக்கம் தேடிப் பயனில்லை. கலண்டரில் நேரத்தை மாற்றினாலும் சூம் லிங்க் அதேதான், கூட்டத்தை நடத்துபவர் எப்போது தொடங்கினாலும் அது திறக்கும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதற்காகச் சங்கங்கள் ஒரே ஒரு கட்டணக் கணக்கை எடுத்து, கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர், தொழில்நுட்பத் தம்பி என்று எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கின்றன. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நாலு பேர் ஒரே பெயரில் உள்ளே போனால் எந்தப் பதிவை எடுத்துப் பார்த்தாலும் அந்த ஒரே பெயர்தான் இருக்கும், பிறகு நம்பிக்கை ஒன்றைத் தவிர பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது: அழைப்பை ரொறன்ரோவில் இருந்து போடட்டும், ஆனால் நிகழ்வின் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைக்கச் சொல்லுங்கள். அப்போது நமக்கு வருடம் முழுவதும் 7 மணி, ரொறன்ரோவுக்குக் குளிர்காலத்தில் காலை 8.30 ஆகும். அவர்களுக்கு அது கஷ்டமென்றால் பேசி முடிவெடுங்கள், யாருடைய மணிக்கூட்டைப் பின்பற்றுவது என்று சங்கம் ஒருமுறையாவது உட்கார்ந்து தீர்மானிப்பது நல்லது. திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும், ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. நீங்களும் கணினியில் கூகிள் கலண்டர் செற்றிங்ஸுக்குப் போய், உங்கள் கலண்டரின் பெயரைத் தொட்டு, மாறிய நிகழ்வுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பு என்று போட்டுவிடுங்கள்.

மாற்றத்தை வட்ஸ்அப் குழுவில் புதிய செய்தியாகப் போடுங்கள், பழையதைத் திருத்தாதீர்கள். அனுப்பி 15 நிமிடம் வரை திருத்தலாம்தான், ஆனால் 'திருத்தப்பட்டது' என்று மட்டும் காட்டுமே ஒழிய முன்னே என்ன இருந்தது என்று காட்டாது. நான் கேட்டுக்கொள்வது இன்னொன்று: ஒரு கூகிள் ஷீட் தொடங்கி, முந்திய நேரம், புதிய நேரம், கேட்டவர், ஒத்துக்கொண்டவர், அறிவித்த நாள் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து. கலண்டர் காரணத்தைச் சொல்லாது.

அந்தத் தீர்மானம் செல்லுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருப்பது அதுதான் என்று தெரிகிறது. அதற்குப் பதில் கணினியில் இல்லை, சங்கத்தின் யாப்பில் இருக்கிறது. கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று பாருங்கள். அறிவித்தல் போகவில்லையென்றால் மாற்றியவர் யாராக இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் அந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். குற்றவாளியைத் தேடுவதைவிட அது உங்களை விரைவாகக் கரை சேர்க்கும்.

கேள்வி: உயர்தர மாணவருக்கு சூமில் ரியூசன் எடுக்கிறேன். வகுப்பு நேரத்தை மாற்றியதும் பாதிப் பிள்ளைகள் பழைய லிங்கில் போய்க் காத்திருக்கிறார்கள்.
– ஆசிரியை, கோண்டாவில்

பதில்: ரீச்சர், பழைய வகுப்பை அழித்துப் புதிதாக உருவாக்கியிருப்பீர்கள், அப்படிச் செய்தால் சூம் கூட்ட எண்ணும் அதோடு லிங்கும் புதிது. அழிக்காமல் அதே கூட்டத்தைத் திருத்துங்கள், எண் மாறாது. தொடர்கூட்டமாகப் போட்டால் கடைசியாக நடத்திய நாளில் இருந்து 365 நாள் வரை அந்த எண் உயிரோடு இருக்கும். வகுப்பு நேரம் மாறுவதைப் பெற்றோருக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள், இரவு வகுப்பென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைப்பது அவர்கள்தான்.

கேள்வி: கூட்டறிக்கையைக் கூகிள் டொக்ஸில் எழுதி எல்லோருக்கும் லிங்க் கொடுத்தோம். அடுத்த கூட்டத்தில் வாசித்தபோது ஒரு வசனமே இல்லை. யார் எடுத்தது?
– வாசகர், நெல்லியடி

பதில்: கலண்டரில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். கணினியில் திறந்து, கோப்பு மெனுவில் பதிப்பு வரலாறு என்பதற்குப் போங்கள். நாள், நேரம், திருத்தியவர் பெயர் எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொருவரின் திருத்தமும் ஒவ்வொரு நிறத்தில். பழைய பதிப்பை மீட்டாலும் இடையில் நடந்தவை அழியாது, ஆகவே பயப்படாமல் மீட்கலாம். இதைப் பார்ப்பதற்கு உங்களுக்குத் திருத்தும் உரிமை இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று விட்டிருந்தால் கூகிள் கணக்கில் நுழையாமல் வந்தவர் பெயரில்லாதவராகத்தான் தெரிவார். அதனால் திருத்தும் உரிமையை மின்னஞ்சல் முகவரி போட்டுக் கொடுங்கள், மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை போதும். தங்கள் பேச்சுச் சரியாக எழுதப்படவில்லை என்று நினைப்பவர்கள் பக்கத்தில் கருத்தாக எழுதட்டும், ஏற்பதா இல்லையா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். அறிக்கை ஏற்கப்பட்ட அன்றே அந்தப் பதிப்புக்கு ஒரு பெயர் கொடுத்து, பிடிஎஃப் ஆக எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். வாசித்து ஏற்றுக்கொண்ட அறிக்கையில் பிறகு கை வைப்பது பாரதூரமான விஷயம், அந்த வசனத்தை எடுத்தவர் யாரென்று தெரிந்தால் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் நிறுவனத்தில் கூகிள் வேர்க்ஸ்பேஸ். ஒரு முக்கியமான சந்திப்பு ரத்தாகிவிட்டது, என் பெயரில் பழி. நிரூபிக்க முடியுமா?
– தங்கை ஒருவர், நல்லூர்

பதில்: முடியும். நிறுவனக் கணக்கென்றால் அட்மினின் பக்கத்தில் கலண்டர் நிகழ்வுகளின் பதிவு இருக்கிறது: யார், எப்போது, எந்த நிகழ்வை மாற்றினார் அல்லது அழித்தார் என்று. 6 மாதம் வரைதான் வைத்திருக்கும், ஆகவே இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். மைக்ரோசொஃப்ட் ரீம்ஸ் பாவிக்கும் இடமென்றால் அங்கேயும் எக்ஸ்சேஞ்ச் என்ற அவர்களின் மின்னஞ்சல் சேவையைப் பார்த்துக்கொள்ளும் அட்மினால் கலண்டர் மாற்றங்களைத் தோண்டி எடுக்க முடியும். அழிந்த நிகழ்வு அழைப்புப் போட்டவரின் கலண்டர் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை கிடக்கும், அதற்குள் என்றால் அவர் மீட்டுவிடலாம்.

பதிவில் வேறொருவரின் பெயர் வந்தாலும் அதைக் குழுவில் போட்டுக் காட்டாதீர்கள், மேலதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். உங்கள் பெயரே வந்தால், உங்கள் போனையோ கணினியையோ திறந்தபடி விட்டீர்களா, உங்கள் கலண்டரைத் திருத்தும் உரிமை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள்.