மகனுக்குக் கிகாலியில் வேலை: அஞ்ச வேண்டியது எதற்கு?

கேள்வி: ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் என் மகனுக்குக் கணக்காளர் வேலை கிடைத்துள்ளது. 1994 இனப்படுகொலையை நினைத்தால் அனுப்ப மனம் வரவில்லை. கலவர நாடு என்பதால் ‘தனிப் பாதுகாப்பு அனுமதி’ வாங்க வேண்டும் என்று ஏஜென்ட் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குச் செல்பவர் அப்படியோர் அனுமதி வாங்கவேண்டிய நடைமுறையே கிடையாது. உங்கள் பயத்துக்கு அவர் விலை வைத்திருக்கிறார்.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாள்களில் எட்டு லட்சத்துக்கும் குறையாதோர், பெரும்பாலும் டுட்சி இனத்தவர், ஹூட்டு இனத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டனர். பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் அடையாள அட்டையில் ஏறிய இனப்பெயரைச் சாலைத் தடுப்புகளில் பார்த்துத்தான் பலரைக் கொன்றார்கள். இன்றைய அட்டையில் இனம் குறிக்கப்படுவதில்லை. 2012 வரை நடந்த ‘கச்சாச்சா’ ஊர் நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பெற்றவர்கள் ஊர் திரும்பி, தாங்கள் கொன்றவர்களின் உறவினருக்கு அண்டை வீட்டாராகவே வாழ்கிறார்கள். ஆகவே, உடன் வேலை செய்பவரிடம் “நீங்கள் ஹூட்டுவா, டுட்சியா?” என்று உங்கள் மகன் ஒருபோதும் கேட்கக் கூடாது. படுகொலையை மறுத்தோ குறைத்தோ பேசுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். ஏப்ரல் 7-இல் தொடங்கும் துக்க வாரத்தில் கொண்டாட்டங்களைத் தவிர்க்க வேண்டும். அரசை விமர்சிப்போருக்கு இடம் குறைவு என்பதும் உண்மை, ஆனால் கிகாலித் தெருக்களில் அன்றாட வாழ்க்கை ஒழுங்காகவே நடக்கிறது.

விதிவிலக்கு மேற்கு எல்லை. காங்கோவின் கோமா நகரை ஒட்டியுள்ள ருபாவுவில் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் எம்23 என்ற காங்கோ கிளர்ச்சிப் படையினர் கோமாவைக் கைப்பற்றியபோது, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குண்டுகள் ருபாவுவிலும் உயிர்களைப் பறித்தன. வேலை கிகாலியில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, கிளை அலுவலகங்களுக்கு அனுப்பும் உரிமையை நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். ருபாவுவை ஒட்டிய கீவு ஏரி அழகானது என்று நண்பர்கள் விடுமுறைக்கு அழைத்தாலும், அந்த வார நிலவரத்தை விசாரித்த பிறகே அவர் கிளம்ப வேண்டும்.

இனி ஏஜென்ட். பதிவு பெற்றவரே ஆனாலும், வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். ‘எமிகிரேஷன் கிளியரன்ஸ்’ (சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசு தரும் அனுமதி) என்று அடுத்த தொகை கேட்பார். அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ருவாண்டா இல்லை. இவற்றைவிட மோசமான பொறி, சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, “அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்பது. வேலை அனுமதிக்கு முதலாளி பொறுப்பேற்கிறார் என்பது எழுத்தில் வராமல் விமானம் ஏற வேண்டாம். ஏமாந்த பிறகு புகார் கொடுக்கப் போனால், காவல் நிலையம் ஓர் அலுவலகத்தைக் காட்டும், அந்த அலுவலகம் காவல் நிலையத்தையே திருப்பிக் காட்டும். இந்த அலைக்கழிப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

எனவே, ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இன்றே சரிபாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். கிகாலியில் இந்தியத் தூதரகம் (ஹை கமிஷன்) இருக்கிறது. வேலை தரும் நிறுவனத்தின் பெயரையும் ஒப்பந்த நகலையும் அனுப்பி, அப்படியொரு நிறுவனம் இயங்குகிறதா என்று மகன் பெயரிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும்வரை பாஸ்போர்ட் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.