கணக்காளரைக் கூப்பிட்டுக் கேட்கும் முன்

கேள்வி: சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். பல வருடங்களாக ஒரே கணக்காளர். லீவே போடாதவர். போன மாதம் உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் வரவில்லை. அப்போது பாக்கி கேட்டு நான் போன் செய்த வாடிக்கையாளர் ஒருவர், “எப்போதோ கட்டிவிட்டேனே” என்று ரசீதை அனுப்பினார். எங்கள் பேரேட்டில் அது பாக்கியாகவே இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் இதையே சொல்கிறார்கள். அவரைக் கூப்பிட்டு, ஒப்புதல் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் கேட்ட அடுத்த நிமிடமே அவருக்கு அழிக்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும், உங்களுக்கோ இன்னும் ஒன்றும் தெரியாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழைய தந்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் ஆள் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் கட்டுவதை முதல் ஆள் பெயரில் வரவு வைப்பார்கள். அந்த ஓட்டையை மூன்றாமவர் பணத்தால் அடைப்பார்கள். இதை நாள் தவறாமல் ஆள் இருந்து செய்ய வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் குட்டு உடைந்துவிடும். “லீவே போடாதவர்” என்று முதலாளிகள் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அதற்காக இவர் குற்றவாளிதான் என்று நான் சொல்லவில்லை. வரவைத் தவறான பெயரில் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் அந்தப் பணம் வேறு யாருடைய கணக்கிலாவது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதைப் பார்க்க வங்கி ஸ்டேட்மெண்டை வங்கியிலிருந்தே நேராக வாங்குங்கள். அவர் அச்செடுத்து வைத்திருப்பது வேண்டாம். காகிதத்தில் இருக்கும் பணம் வங்கியிலும் இருக்கும் என்பதில்லை: 2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மோசடியில், புத்தகத்தில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம். சரி, உங்கள் கணக்கு மென்பொருளை இன்றே முழுதாக பேக்கப் எடுத்து, கடவுச்சொற்களை மாற்றுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் மென்பொருள், எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற தடத்தை வைத்திருக்க வேண்டும். அதை அணைக்கவும் முடியக்கூடாது. உங்களுடையதில் அணைந்திருந்தால் அதுவே விசாரிக்க வேண்டிய விஷயம்.

இந்த மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தவும் முடியாது. அதனால்தான் வாடிக்கையாளர்களின் ரசீதுகள் உங்களுக்குத் தங்கம்.

மோசடி உறுதியானால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316(4), கணக்கைப் பொய்யாக்குவதற்குப் பிரிவு 344. இரண்டிலும் 7 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 408, 477A பிரிவுகள். 344இல் ஒரு வசதி உண்டு: இன்ன நாளில் இவ்வளவு தொகை என்று குறிப்பிட்டுக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

ஒப்புதல் கடிதம் பற்றிக் கேட்டீர்கள். அறையைப் பூட்டி மிரட்டி வாங்கியது நிற்காது. அப்புறம் அவர் உங்கள் மேல் புகார் கொடுப்பார். பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் “புகார் கொடுக்க மாட்டேன்” என்று பதிலுக்கு எழுதித் தராதீர்கள், அது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். வேலையை விட்டு அனுப்புவதானால் குற்றச்சாட்டு நோட்டீஸ், விளக்கம், உள்விசாரணை என்று முறையாகப் போங்கள்.

இனிமேல் பணம் வாங்குகிறவரும் அதைப் பதிகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் பாக்கி விவரம் உங்கள் கையால் போகட்டும். வருடத்தில் இரண்டு வாரம் கணக்காளர் லீவில் போயே ஆக வேண்டும், அப்போது வேறொருவர் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, காலக்கெடு. பணத்தை மீட்கும் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. மோசடி மறைக்கப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது நீங்கள் கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். அந்த முதல் போன் அழைப்பின் தேதியை இப்போதே குறித்துவைத்து, அன்று வந்த ரசீதை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.