பைத்தானில் கட்டளைவரி உள்ளீட்டைப் பிழையின்றி வாங்குவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் அன்றாட வரவைப் பதிவுசெய்ய ஒரு பைத்தான் நிரல் எழுதியிருக்கிறீர்கள். அது வாடிக்கையாளரின் பெயரையும் தொகையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்குகிறது. நீங்களே அமர்ந்து தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் ஒழுங்காக ஓடும் அந்த நிரல், தொகையில் காற்புள்ளி விழுந்தால், மதிப்பு தவறு என்று பொருள்படும் வேல்யூஎரர் என்ற பிழையுடன் நின்றுவிட்டது. அதைத் தடுக்க, ட்ரை தொகுதியில் எழும் எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் ஓர் எக்செப்ட் பகுதியைச் சேர்த்தீர்கள். அதன்பிறகு பழைய வரவுகளைக் கோப்பிலிருந்து செலுத்தினால் கணக்கு பொருந்துவதில்லை. இரவில், குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் ஓட்டியபோது லாக் கோப்பு பெருகி வட்டையே நிரப்பிவிட்டது.

இவை தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். இன்புட் என்று எழுதும்போது எதிரில் ஒரு மனிதர் அமர்ந்திருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த ஃபங்ஷனுக்கோ மனிதரைத் தெரியாது. ஸ்டிடின் என்னும் ஓடையிலிருந்து ஒரு வரியைப் படித்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஓடையின் மறுமுனையில் விசைப்பலகை இருக்கலாம், கோப்பு இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் போகலாம். என்னிடம் நிரலாக்கம் பழகுபவர்களிடம் இதை நான் முதல் நாளே வலியுறுத்துவது வழக்கம்.

மனிதர் எதிரில் இருக்கும் நிலையில் எப்படி எழுத வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொகை கேட்பதற்கென்று ஒரு தனி ஃபங்ஷன் எழுதி, அதற்குள் முடிவில்லாத வைல் லூப் ஒன்றை வையுங்கள். லூப்பின் முதல் வரியில் இன்புட் மூலம் ஒரு வரியை வாங்கி, ஸ்ட்ரிப் கொண்டு முன்பின் இடைவெளிகளை நீக்கி, ஒரு மாறியில் இடுங்கள். அடுத்து, இன்ட் போன்ற ஒரு ஃபங்ஷனால் சரத்தை எண்ணாக மாற்றும் அந்த ஒரே வரியை மட்டும் ட்ரை தொகுதிக்குள் வையுங்கள். எக்செப்டில், அந்த மாற்றம் எழுப்பக்கூடிய பிழையை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்து, என்ன தவறு என்பதைத் தெரிவித்துவிட்டு, லூப்பின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். மாற்றம் வெற்றி பெற்றால் தொகை ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை ரிட்டர்ன் செய்யுங்கள்.

இதில் இன்புட் வரி ட்ரைக்கு வெளியே இருப்பது தற்செயலானது அல்ல. அதன் காரணம் விளங்க வேண்டுமானால், நீங்கள் அழுத்தும் விசை எந்த வழியாகப் பைத்தானை அடைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு விசையை அழுத்திய உடனே அந்த எழுத்து நிரலுக்குப் போய்விடுவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள டெர்மினல் இயக்கி அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திரையில் காட்டி, பேக்ஸ்பேஸ் வந்தால் அழித்து, என்டர் வந்த பிறகே முழு வரியையும் நிரலிடம் ஒப்படைக்கிறது. கனானிக்கல் முறை எனப்படும் இந்த ஏற்பாட்டினால்தான், திருத்தும் வசதி எதையும் நீங்கள் எழுதாமலேயே பயனரால் பிழையைத் திருத்த முடிகிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. லினக்ஸில் இப்படிச் சேரும் வரி, இறுதியில் வரும் வரிமுடிவையும் சேர்த்து 4096 பைட்டுகளைத் தாண்ட முடியாது. தாண்டியவை எந்த எச்சரிக்கையும் இன்றிக் கைவிடப்படும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வோர் எழுத்தும் குறியும், 3 பைட்டுகள் என்பதால், நமக்கு ஒரு வரியில் 1365 புள்ளிகள் மட்டுமே கிடைக்கும். பெயருக்கும் தொகைக்கும் இது தாராளம். குறிப்பு என்ற பெயரில் நீண்ட பத்தியை ஒட்டச் சொல்லும் நிரலுக்குப் போதாது.

அழிப்பதிலும் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது ஒரு பைட்டை நீக்குவதா, முழுக் குறியீட்டுப் புள்ளியை நீக்குவதா என்பதை டெர்மினல் அமைப்பில் உள்ள ஐயூடிஎஃப்8 என்னும் கொடி தீர்மானிக்கிறது. அது அணைந்திருந்தால் மூன்றில் ஒரு பைட் மட்டும் போய், மற்ற இரண்டும் சிதைந்த நிலையில் நிரலுக்கு வரும். பைத்தான் அதை எழுத்தாக மாற்ற முயன்று யூனிகோட்டிகோட்எரர் எழுப்பும். இந்தப் பிழை வேல்யூஎரர் வகையின் வழித்தோன்றல். ஆகவே இன்புட்டும் இன்ட்டும் ஒரே ட்ரைக்குள் இருந்தால், குறியாக்கம் சிதைந்ததையும் "எண்ணைச் சரியாக உள்ளிடவும்" என்ற அறிவிப்பே மூடிவிடும். உண்மையான காரணம் யாருக்கும் தெரியாமல் போகும்.

ரீட்லைன் மாட்யூலை இம்போர்ட் செய்தால், வரியைத் திருத்தும் பொறுப்பு கெர்னலிடமிருந்து அந்த லைப்ரரிக்கு மாறிவிடும்; அம்புக்குறி விசைகளும் முன்பு உள்ளிட்டவற்றின் வரலாறும் அதனோடு கிடைக்கும். இம்போர்ட் என்ற அந்த ஒரு வரியே போதும். விண்டோஸில் இயங்கும் பைத்தானோடு இந்த மாட்யூல் வருவதில்லை என்பதால் அங்கும் ஓட வேண்டிய நிரலில் இம்போர்ட்எரரைக் கையாளுங்கள்.

இனி, உங்கள் வட்டை நிரப்பிய சிக்கலுக்கு வருகிறேன். லினக்ஸில் கன்ட்ரோல்-டி அழுத்துவது நிரலுக்கு ஒரு சிறப்பு எழுத்தை அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கெர்னலுக்கு இடும் கட்டளை: இதுவரை சேர்ந்ததை என்டருக்குக் காத்திராமல் இப்போதே கொடுத்துவிடு என்பதே அதன் பொருள். வரியில் எதுவும் சேராத நிலையில் அதை அழுத்தினால் நிரலுக்கு 0 பைட்டுகள் கிடைக்கும். அதையே நிரல் உள்ளீட்டின் முடிவாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி என்டர் தட்ட வேண்டும். கோப்பு தீர்ந்தாலும் நிகழ்வது இதுதான். கிரான் ஓட்டும் நிரலின் ஸ்டிடினில் பொதுவாகப் படிக்க எதுவும் இருப்பதில்லை என்பதால், அங்கே முதல் கேள்வியிலேயே முடிவு வந்துவிடும். அப்போது இன்புட், உள்ளீடு முடிந்துவிட்டது என்பதைக் குறிக்கும் ஈஓஎஃப்எரர் பிழையை எழுப்புகிறது. பயனர் வெறும் என்டர் தட்டினால் வெற்றுச் சரம் வரும், உள்ளீடு முடிந்தால் பிழை எழும். இந்த இரண்டையும் நிரல் ஒருபோதும் ஒன்றாகக் கருதக் கூடாது.

இப்போது உங்கள் லூப்பைப் பாருங்கள். ட்ரைக்குள் இன்புட்டும் இன்ட்டும் சேர்ந்திருக்கின்றன. கீழே எக்செப்ட் எந்தப் பெயரும் இல்லாமல் நிற்கிறது. அதற்குள் "மீண்டும் முயலவும்" என்ற அறிவிப்பு. ஸ்டிடின் முடிந்துவிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் ஈஓஎஃப்எரர் எழும், ஒவ்வொரு முறையும் எக்செப்ட் அதைப் பிடிக்கும், அறிவிப்பு அச்சாகும், லூப் மீண்டும் சுழலும். இடையில் காத்திருக்க எதுவும் இல்லாததால் கணினி தன் முழு வேகத்தில் அந்த ஒரே வரியை எழுதிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் பயனில்லை. அதனால் எழும் கீபோர்டுஇன்டரப்டையும் பெயரற்ற எக்செப்ட் விழுங்கிவிடும். எக்செப்டுக்குப் பக்கத்தில் எக்செப்ஷன் என்று சேர்த்தால் கன்ட்ரோல்-சி வேலை செய்யும், ஏனெனில் கீபோர்டுஇன்டரப்ட், எக்செப்ஷனுக்கும் மேலே உள்ள பேஸ்எக்செப்ஷனிலிருந்து நேரடியாகப் பிறந்தது. ஆனால் ஈஓஎஃப்எரர் எக்செப்ஷனின் வழித்தோன்றல் என்பதால் கிரானில் அதே சுழற்சி தொடரும். பிடிக்க வேண்டிய பிழையைப் பெயர் சொல்லிப் பிடிப்பது ஒன்றே இதற்கு மருந்து. ஈஓஎஃப்எரரைத் தொகை கேட்கும் ஃபங்ஷனில் தொடவே தொடாதீர்கள். நிரலின் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் பிடித்து, சேர்ந்த பதிவுகளைச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். கீபோர்டுஇன்டரப்டையும் அங்கேயே பிடித்து, 130 என்ற வெளியேற்ற எண்ணுடன் நிரலை முடிப்பது யூனிக்ஸ் மரபு.

தொகையை எண்ணாக மாற்றுவதிலும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு. இன்ட் முன்பின் இடைவெளிகளைப் பொறுத்துக்கொள்ளும், 3.6 பதிப்பிலிருந்து இலக்கங்களுக்கு நடுவே அடிக்கோட்டையும் ஏற்கும். 1,50,000 என்று நாம் இயல்பாக எழுதும் காற்புள்ளியை மட்டும் ஏற்காது. ரீப்ளேஸ் கொண்டு காற்புள்ளிகளை நீக்கிவிடலாம். ஆனால் 1.5 என்று தட்ட வந்தவர் கைதவறி 1,5 என்று தட்டினால் அது 15 ஆகிவிடும் என்பதால், வாங்கிய தொகையைத் திரும்பக் காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது. தமிழ் எண்களான ௧, ௨, ௩ ஆகியவற்றையும் இன்ட் புரிந்துகொள்ளும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்: ௧௫௦ என்ற சரத்தை அது 150 ஆகவே மாற்றும். பத்தைக் குறிக்கும் ௰ யூனிகோடில் இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. அது வந்தால் வேல்யூஎரர்தான்.

பைசாவும் வேண்டுமென்று, புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட் வகைக்கு மாறிவிடாதீர்கள். 0.1, 0.2 இரண்டையும் கூட்டி 0.3 உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்று சொல்லும் வகையைப் பணக் கணக்கில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைவிட அபாயமான ஒன்றும் இருக்கிறது: nan என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை யாராவது தட்டினால், எண் அல்லாத மதிப்பு என்று பொருள்படும் அதனை ஃப்ளோட் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளும். அந்த மதிப்பு 0-வைவிடச் சிறியதா என்றாலும் பெரியதா என்றாலும் இல்லை என்றே விடை வரும். எனவே எதிர்ம எண்ணைத் தடுக்க நீங்கள் வைத்த சோதனையைத் தாண்டி உள்ளே நுழைந்து, மாத மொத்தத்தையே பாழாக்கிவிடும். பதின்ம எண்களை அப்படியே துல்லியமாக வைத்திருக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். அதுவும் இந்தச் சொல்லை ஏற்கும் என்பதால், மாற்றிய உடனே அது வரம்புள்ள எண்தானா என்று இஸ்ஃபைனைட் கொண்டு சோதியுங்கள். டெசிமல் எழுப்பும் இன்வாலிட்ஆபரேஷன் என்ற பிழை வேல்யூஎரர் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. எக்செப்டில் அதன் பெயரையே எழுத வேண்டும்.

பெயர்களில் வேறு வகைக் கவனம் தேவை. கோபால் என்ற பெயரின் முதல் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே புள்ளியாகச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனிப் புள்ளிகளாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், பைத்தானின் ஒப்பீட்டில் வேறாகும். ஒரே வாடிக்கையாளர் இரண்டு கணக்குகளாகப் பிரிந்துவிடுவார். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில், பிரிந்த குறிகளை ஒரே புள்ளியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்தைக் குறிப்பிட்டு, பெயரைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயரில் அகலமற்ற பிரிப்பான் போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டியிருக்கலாம்; ஸ்ட்ரிப் அவற்றை இடைவெளியாகக் கருதாததால் தனியே நீக்க வேண்டும்.

கடவுச்சொல்லும் கேட்பதாக இருந்தால் இன்புட் வேண்டாம், தட்டுவதைத் திரையில் காட்டாத கெட்பாஸ் மாட்யூல் இருக்கிறது. அதேபோல் இன்புட்டை எவால் ஃபங்ஷனுக்குள் இட்டு எண்ணாக மாற்றும் பழக்கம் சில பழைய பாடக் குறிப்புகளில் இன்னும் காணப்படுகிறது. பயனர் தட்டும் எதையும் நிரலாகவே இயக்கிவிடும் அதை ஒருபோதும் பின்பற்றாதீர்கள். பைத்தான் 2-இல் இன்புட் தானாகவே அப்படித்தான் நடந்துகொண்டது. 2008-இல் வெளியான 3.0 பதிப்பில்தான் அது மாற்றப்பட்டது.

இறுதியாகக் கோப்பிலிருந்து செலுத்துவது. மேலே சொன்ன லூப் மனிதருக்காக எழுதப்பட்டது. கோப்பை அதற்குள் செலுத்தினால் நேர்வது என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஏழாவது வாடிக்கையாளரின் தொகை தவறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூப் "மீண்டும் உள்ளிடவும்" என்று கேட்டு அடுத்த வரியைப் படிக்கிறது. அது எட்டாவது வாடிக்கையாளரின் பெயர், எண் அல்ல என்பதால் அதையும் தள்ளிவிடுகிறது. அதற்கடுத்த வரி எட்டாமவரின் தொகை. அது செல்லுபடியாகும் எண், ஆகவே ஏழாமவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. எந்தப் பிழையும் எழாமல், ஒருவர் செலுத்திய பணம் இன்னொருவர் பெயரில் பதிவாகி முடிந்துவிடும். உங்கள் கணக்கு பொருந்தாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எனவே நிரலின் தொடக்கத்திலேயே சிஸ் மாட்யூலின் ஸ்டிடினில் உள்ள இஸ்ஏடிடிஒய் மெத்தடை அழைத்து, மறுமுனையில் டெர்மினல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டுமே கேள்வி கேட்கும் வழிக்குச் செல்லுங்கள். அந்த வழியிலும் கேள்வியை இன்புட்டுக்குள் கொடுப்பதைவிட, பிழை அறிவிப்புகளுக்கான தனி ஓடையான எஸ்டிடிஎர்ரில், உடனே வெளியாகும்படி ஃப்ளஷ் செய்து அச்சிடுவதையே நான் விரும்புகிறேன். இல்லையென்றால் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பும் பயனரின் கேள்விகளும் அந்தக் கோப்புக்குள் போய்விடும், அவர் வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருப்பார். டெர்மினல் இல்லையென்றால் எதையும் கேட்காமல் ஸ்டிடினை ஃபார் லூப்பில் வரி வரியாகப் படித்து, தவறான வரி வந்தால் அதன் வரி எண்ணைத் தெரிவித்து, அந்தத் தொகுப்பில் எதையும் பதிவுசெய்யாமல் நிறுத்திவிடுங்கள். கோப்பின் அமைப்பையும் மாற்றி, பெயரும் தொகையும் ஒரே வரியில் வரும்படி செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே காற்புள்ளிக்குப் பதிலாகத் தாவல் குறியை வைத்தால், 1,50,000 என்ற தொகை மூன்று துண்டுகளாக உடையாமல் முழுதாக வந்து சேரும்.