கொல்லங்கோட்டுக் கடலில் 'எல்லோடெயில்' கிடைக்குமா?

கேள்வி: நான் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் வசிப்பவன். கலிபோர்னியாவின் லா ஹோயா கரையில், துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் அமர்ந்தபடி, நீரின் மேல் ஓடும் பொய்யிரையை வீசி 'எல்லோடெயில்' என்ற பெரிய மீனைப் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்து ஆசை கொண்டேன். ஒரு விற்பனையாளர், தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் உள்ள நீரோடி, பொழியூர் கடலிலும் அக்டோபர் முதல் இந்த மீன் வரும் என்றும், கயாக், தூண்டில்கோல், பத்துப் பொய்யிரைகள், அரசு உரிமம் எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் என்றும் சொல்லி, 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. வாங்கலாமா? எந்தப் பொய்யிரை நல்லது?

பதில்: முன்பணம் இன்னும் உங்கள் கையில் இருப்பது எனக்கு ஆறுதல். அதைக் கொடுக்கவே வேண்டாம். காணொளியில் நீங்கள் கண்ட மீன் நம் கரையில் கிடைக்காது. செரியோலா இனத்தைச் சேர்ந்த அந்த மீன் குளிர்ந்த நீரை நாடுவது. கலிபோர்னியா, மெக்சிகோவின் பாஹா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய கரைகளில் அது பேர்பெற்றதற்குக் காரணம் அந்த நீர்தான். லா ஹோயாவில் அதைத் தேடிப் போகிறவர்கள் நீரின் வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் நாட்களுக்காகக் காத்திருப்பார்கள். நம் கடலோ ஆண்டின் பெரும்பகுதியில் 27 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அங்கே கரையை ஒட்டி கெல்ப் எனப்படும் நெடிய கடற்பாசிக் காடுகள் நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில் சிறுமீன்களையும் கணவாயையும் துரத்தி அந்த மீன் மேலே வருகிறது. அந்தக் காடும் நமக்கு இல்லை.

விற்பனையாளர் முழுப் பொய் சொல்லவில்லை, பெயரை வைத்து விளையாடுகிறார் என்றே நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இதே மீனை 'எல்லோடெயில் கிங்ஃபிஷ்' என்பார்கள். நம் நாட்டு ஏற்றுமதிக்காரர்களும் உணவகங்களும் 'கிங்ஃபிஷ்' என்று சொல்வது நெய்மீனை, அதாவது சென்னைக்காரர்களின் வஞ்சிரத்தை. இரண்டுக்கும் உறவே இல்லை. இது போதாதென்று, வால் மஞ்சளாக இருக்கும் சிறிய பாரை வகை ஒன்றுக்கும், ஒரு ஷீலா வகைக்கும் ஆங்கிலத்தில் 'எல்லோடெயில்' என்ற அடைமொழி உண்டு. ஆகவே கையளவு மீன் ஒன்றைக் காட்டி 'இதோ எல்லோடெயில்' என்று எவரும் சொல்லிவிடலாம். மீனைப் பெயரால் விற்கிறவர் யாராக இருந்தாலும், அந்த மீன் நம் துறையில் ஏலத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று நீரோடியிலோ வள்ளவிளையிலோ உள்ள ஒரு மீனவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுறாவைத் தேடி அரபிக்கடலின் ஆழம்வரை போய்வரும் தூத்தூர் வட்டாரத்து மக்களுக்குத் தெரியாத மீன் ஒரு கடைக்காரரின் கைப்பேசியில் மட்டும் இருக்க வழியில்லை.

இதனால் உங்கள் ஆசை வீண் என்று பொருளல்ல. எல்லோடெயில் பாரைக் குடும்பத்து மீன். அந்தக் குடும்பம் நம் கடலில் நிறைய இருக்கிறது. நாம் பாரை என்பதையும், உங்கள் பக்கத்து மலையாளிகள் வற்ற என்பதையும், உடல் தட்டையாக நீண்ட கட்டாவையும் அதே முறையில் மேல்நீரில் பிடிக்கலாம். நெத்தலியோ சாளையோ கூட்டமாகப் பொங்கி, ஆலாப் பறவைகள் தலைகீழாக விழத் தொடங்கும் இடத்தில், அதைக் கீழிருந்து துரத்துவது பெரும்பாலும் பாரையோ சூரையோ கட்டாவோதான். லா ஹோயாக்காரரும் இதே பறவைகளைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுகிறார்.

பொய்யிரையைப் பற்றிக் கேட்டீர்கள். காணொளியில் அவர்கள் வீசுவது பெரும்பாலும் இலேசான உலோகத் தகடு. இழுக்கும்வரை மேலே நெளிந்து ஓடும், நிறுத்தினால் மூழ்கிவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாம். மிதக்கும் பொய்யிரையே போதும். அதில் இரண்டு வகை உண்டு. வாயில் கிண்ணம்போல் குழிந்தது பாப்பர். இழுத்தால் 'பொளக்' என்று நீரைத் துப்பும். பென்சில்போல் நீண்டது ஸ்டிக்பெய்ட். இழுக்க இழுக்க இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டு வரும். கடைக்காரர் பாப்பரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார், ஏனெனில் அது கண்ணுக்கு அழகு. ஆனால் படகில் நின்றுகொண்டு பாப்பர் இழுப்பவர் கோலைக் கீழ்நோக்கி நீளமாக வீசி இழுக்க முடியும். கயாக்கில் இடுப்பு நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்க, கால்கள் முன்னே நீண்டிருக்கும் நிலையில், அந்த இழுப்பில் கோல் கயாக்கின் விளிம்பிலோ உங்கள் முழங்காலிலோ மோதும். ஆகவே 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும் 40 கிராம் அளவு எடையும் உள்ள ஸ்டிக்பெய்ட் ஒன்றை வாங்குங்கள். பத்து வேண்டாம்; இரண்டு போதும், ஒன்று வெள்ளி நிறத்திலும் ஒன்று கரும்பச்சையிலும்.

மீன் பொங்குகிற இடத்துக்குள் துடுப்புப் போட்டு நுழையாதீர்கள். கூட்டம் உடனே அமிழ்ந்துவிடும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அரை நிமிடம் பார்த்து, அதன் முன்னால், அதைத் தாண்டி விழுமாறு வீசுங்கள். விழுந்ததும் நூலில் தொய்வை எடுத்துவிட்டு, கோலின் நுனியைப் பக்கவாட்டில் ஒரு முழம் இழுத்து, உடனே நுனியைத் திரும்பக் கொண்டுபோய், அந்த இடைவெளியில் ரீலைச் சுற்றுங்கள். இழு, விடு, சுற்று. பின்னால் நீர் கூம்பி எழுவதைக் கண்டால் கை தானாக நின்றுவிடும். அங்கேதான் பலர் மீனை இழக்கிறார்கள். நிறுத்தாதீர்கள், பாரை ஓடும் இரையைத்தான் துரத்தும். முதல் அடியில் தவறினாலும் இரண்டாவது, மூன்றாவது முறை திரும்பி வரும். எடை கையில் விழும்வரை கோலை மேலே தூக்கவே கூடாது.

மீன் மாட்டியபின் கோலைக் கயாக்கின் மூக்குப் பக்கமாகவே வைத்திருங்கள். மீன் கயாக்கை இழுத்துக்கொண்டு போகட்டும். அந்த இழுப்பே அதைச் சோர்வாக்கும். பக்கவாட்டில் கோலை வளைத்துச் சண்டையிட்டால் கவிழ்ந்துவிடுவீர்கள்.

இனி, உங்கள் விற்பனையாளர் சொல்லாத ஒன்று. பொய்யிரைகள் கடையில் மூன்று முள் தூண்டில்களோடுதான் வரும். வாங்கிய அன்றே அவற்றைக் கழற்றி, ஒற்றை முள் தூண்டில் மாட்டி, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மூன்று கிலோகூட இல்லாத ஒரு பாரையை நான் மடியில் இழுத்துப் போட்டபோது அது ஒரு துள்ளு துள்ளியதில், ஒரு முள் அதன் வாயிலும் இன்னொரு முள் என் உள்ளங்கையிலுமாக, இரண்டு பேரும் ஒரே இரும்பில் கோத்துக் கிடந்தோம். மீன் துடித்த ஒவ்வொரு முறையும் எதிர்க்கொக்கி சதைக்குள் திரும்பியது. ஒரு கையால் துடுப்புப் போட்டுக் கரைசேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மலிவான தூண்டில்கள் நேராக நிமிர்ந்துவிடும் தொல்லையும் உண்டு. தேங்காய் நிறுக்கும் வில்தராசு ஒன்றில் தூண்டிலை மாட்டி எட்டு கிலோ காட்டும்வரை இழுத்துப் பாருங்கள். வளைந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் எதுவும் வாங்காதீர்கள்.

கயாக்கிலும் இதே ஏமாற்று நடக்கிறது. ஏரியில் விளையாடுவதற்கான எட்டு, ஒன்பது அடிக் கயாக்குகளைக் கடல் கயாக் என்று விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது 12 அடிக்குக் குறையாத, மேல்தளத்தில் உட்காரும் வகை. உள்ளே வரும் நீர் தானாக வடிய அடித்தளத்தில் ஓட்டைகள் இருக்கும். காற்றடைத்து ஊதும் வகையைத் தொடாதீர்கள். உயிர்காப்பு அங்கியை முதுகுக்குப் பின்னால் கட்டிவைப்பது அணிவதாகாது.

இப்போது மிக முக்கியமான பகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், நம் கரையில் கயாக்கை இறக்கவே கூடாது. மற்ற மாதங்களில், காற்று எழும்பாத விடியற்காலையில் இறங்கி, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம். இந்த விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் அதை மறக்கக் கூடாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அது கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும்; காற்று இராது; மழை இராது; கடல் மட்டும் திருடனைப்போல் ஏறி வரும். வெகுதெற்கே, இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் அடிக்கும் புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையில் வந்து மோதுவதே இது. குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் வரும். நம் மீனவர் வாய்மொழியான இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அந்தக் காலையில் கரையில் நின்ற எவருக்கும் கடல் பொல்லாததாகத் தோன்றியிருக்காது. ஆகவே ஹைதராபாத்தில் உள்ள, கடல்நிலைத் தகவல் தரும் அரசு நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கையை முந்தைய இரவும் புறப்படும் முன்பும் பாருங்கள். பார்த்தபின்னும் கரையில் இருபது நிமிடம் நின்று, ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். எட்டு, பத்து என்று வந்தால் வழக்கமான கடல். பதினைந்தைத் தாண்டினால், அலை சிறிதாகத் தெரிந்தாலும் வீடு திரும்புங்கள். நெடிய இடைவெளியில் வரும் அலை ஆழத்தில் இருக்கும்போது உங்களைத் தாலாட்டும். கரை ஏறும் இடத்தில்தான் அதன் எடை தெரியும். நீரோடிக் கரை செங்குத்தாகச் சரிவது. பல இடங்களில் பாறைக் கற்களால் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கும் அலைக்கும் நடுவே பிளாஸ்டிக் ஓடு ஒன்றில் நீங்கள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். கடலுக்குள் போனபின் கள்ளக்கடல் தொடங்கினால், கரையேற அவசரப்படாமல் அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, கடலோரக் காவல் உதவி எண் 1093ஐயோ கடலோரக் காவல் படையின் 1554ஐயோ அழையுங்கள். இதற்காகவே கைப்பேசி நீர் புகாத உறையில், உங்கள் மார்போடு இருக்க வேண்டும்.

கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவர்களான தூண்டில் வளைவுகளின் உட்பக்கம் அமைதியாகத் தெரியும். ஆனால் கற்களை ஒட்டி வெளிநோக்கி ஓடும் நீரோட்டம் இருக்கும். தேங்காப்பட்டணம் துறைமுக வாய்க்குப் போகவே வேண்டாம்; மணல் சேர்ந்து அலை எழும்பும் அந்த வாயில் பெரிய படகுகளே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. பாறைகளுக்கு அருகில் சிப்பி எடுக்க மூழ்குகிறவர்கள் இருக்கும்போதும், கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையை வளைத்திருக்கும்போதும் அங்கே வீசாதீர்கள். அது அவர்களுடைய அன்றாடக் கூலி.

கடைசியாக, அந்த 'உரிமம்'. பொழுதுபோக்குக் கயாக்குக்கு உரிமம் வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டையது, கேரளத்தினுடையது 1980. இரண்டும் மீன்பிடித் தொழிலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள நானே ஒரு முறை அலைந்தேன். ஓர் அலுவலகம் வேறொன்றைக் கைகாட்டியது. அது துறைமுகத்தைக் கைகாட்டியது. அங்கே, நீங்கள் இறங்குவது எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார்கள். 1956இல் நிலத்தில் போட்ட கோட்டை நீரோட்டம் அறியாது. காலையில் நீரோடியில் இறங்கியவர் ஒரு மணி நேரத்தில் பொழியூருக்கு நேரே மிதந்துகொண்டிருப்பார். ஒரே பக்கத்தில், இரண்டு மொழிகளில், இன்ன படகுக்கு இன்னது வேண்டும் என்று இரு மாநிலங்களும் சேர்ந்து அச்சிட்டு ஒவ்வொரு துறையிலும் ஒட்டினால், உரிமத் தரகர்கள் அனைவருக்கும் அன்றோடு பிழைப்புப் போய்விடும். அதைச் செய்ய எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

அதுவரை உங்களுக்கு உள்ள வழி இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இரு மாநில மீன்வளத் துறைகளுக்கும் தனித்தனியே விண்ணப்பம் எழுதுங்கள். இயந்திரம் இல்லாத, விற்பனைக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கும் கயாக்குக்குப் பொருந்தும் விதி அல்லது அரசாணையின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கருத்துக் கேட்டால் பதில் வராது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த ஒரு மாதமும் ஒரு கயாக்கை வாடகைக்கு எடுத்து, பூவாறு காயலில், அது கடலோடு சேரும் பொழிமுகத்துக்கு வெகு உள்ளே, நீங்களாகவே கவிழ்த்து, நீருக்குள்ளிருந்து மீண்டும் ஏறிப் பழகுங்கள். ஒரே காலையில் பத்து முறை எவர் உதவியும் இல்லாமல் ஏற முடிந்த பிறகு எனக்கு எழுதுங்கள். கோலும் ரீலும் எந்த அளவில் வாங்குவது என்று அப்போது சொல்கிறேன்.