தகரக் கூரை வீட்டில் மூச்சிரைக்கும் ஃபெரெட்

வணக்கம் ஐயா. காப்பகத்திலிருந்து நான்கு நாள்களுக்கு முன் தத்தெடுத்த ஃபெரெட் (கீரியைப் போல் நீண்ட உடலுள்ள சிறு வளர்ப்புப் பிராணி), மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலுள்ள உங்கள் தகரக் கூரை வீட்டில் மதியமானால் வாயைத் திறந்து மூச்சிரைத்துக் கிடப்பதாகவும், இடம் புதிது என்பதால் இப்படியா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு இது வெப்பத் தாக்கமாகவே படுகிறது. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் உறங்குவது இப்பிராணியின் இயல்பு. ஆனால் மூச்சிரைப்பது இயல்பன்று. வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள முடியாத இதற்கு 27 பாகை செல்சியஸைத் தாண்டினாலே துன்பம்தான். நம் தோட்டப்புறங்களிலோ மதியத்தில் 32, 33 பாகை சாதாரணம். மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள்.

என் ஃபெரெட் ஒரு நாள் குளியலறைச் சிமெண்டுத் தரையில் நான்கு கால்களையும் பரப்பி, வயிறு ஒட்டக் கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு கருஞ்சிவப்பாக இருந்தது. அப்படிக் கண்டால் பாதங்களையும் வயிற்றையும் குழாய் நீரால் நனைத்தபடி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஐஸ் நீர் கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும்.

சோறு ஊட்ட வேண்டாம், இது முழு ஊனுண்ணி. குளிர்சாதன வசதியுள்ள ஓர் அறையை உங்களால் ஒதுக்க இயலாவிட்டால், தயங்காமல் காப்பகத்தாரிடம் நிலைமையைச் சொல்லித் திருப்பி ஒப்படையுங்கள்.